என்ர காணிக்கு அவற்ற கையெழுத்து

எனக்கு அறுபது வயசு தாண்டிப் போச்சு. நோத்ர-டாம்-த-கிரேஸில நாங்கள் இருக்கிற அப்பார்ட்மென்ட் வாடகைக்கு எடுத்தது என்ர பேரில. கார் என்ர பேரில. கியூபெக்கில கலியாணம் கட்டினாலும் பொம்பிளைக்குப் பிறந்த பேர்தான், புருசன்ர பேரை ஒட்டத் தேவையில்லை எண்டு சட்டம். இந்த ஊருக்கு வந்த நாளில இருந்து எந்தக் கந்தோரிலயும் "உங்கட மனுசன் என்ன சொல்லுறார்" எண்டு என்னட்ட ஒருத்தரும் கேட்டதில்லை. அப்பிடி இருந்த என்னட்ட யாழ்ப்பாணத்தில இருந்து காணி உறுதி எழுதிற ஒரு நொத்தாரிசு போன் எடுத்துக் கேக்கிறார், "எல்லாம் சரி அம்மா, உங்கட கணவற்ற சம்மதக் கையெழுத்து எங்க?"

"அது என்ர சீதனக் காணி ஐயா. அவற்ற காணி இல்லை."

"ஓம் அம்மா, உங்கட காணிதான். ஆனால் அவர் எழுத்தில சம்மதிக்காமல் நீங்கள் அதை விக்கவும் ஏலாது, குடுக்கவும் ஏலாது. தேசவழமைச் சட்டம் அப்பிடி."

எனக்கு வந்த கொதியில கையில இருந்த அகப்பையைச் சிங்குக்குள்ள எறிஞ்சன். என்ன கண்டறியாத சட்டம்! நொத்தாரிசில என்ன பிழை, அவர் சட்டத்தைச் சொன்னார். "பேந்து எடுக்கிறன் ஐயா" எண்டு போனை வைச்சன்.

காணிக் கதையை முதல் சொல்லிப்போடுறன், இல்லாட்டி நான் ஏன் இப்பிடிக் கொதிச்சனான் எண்டு விளங்காது. கலியாணத்துக்கு அப்பா எனக்கு எழுதித் தந்தது எட்டுப் பரப்பு. அதின்ர ஒரு மூலையில, றோட்டுக் கரையோட, ஒரு குடும்பம் இருக்கினம். எத்தினை தலைமுறையா இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. எங்கட தோட்டத்தைக் கொத்தினது அவையள். வேலி அடைச்சது அவையள். நன்மை தின்மைக்குக் கூப்பிட்ட உடன வந்து நிண்டது அவையள். சம்பளம் எண்டு ஒண்டு இல்லை. இருக்கக் காணி விட்டிருக்கு, அதுதான் கூலி. வேற இடத்தில அவையள் ஒரு துண்டு நிலம் வாங்கக் கேட்டால் ஊரில ஒருத்தரும் விக்கவும் மாட்டினம். சாதி எண்ட சொல்லை எங்கட வீட்டில ஒருத்தரும் சத்தமாச் சொன்னதில்லை. சொல்லவேண்டி வரேல்லை, அவ்வளவு வடிவா எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

சண்டைக்குள்ள நாங்கள் எல்லாரும் ஓடினம். அவையளும் ஓடினவைதான், ஆனால் அவையளுக்கு வன்னி மட்டும்தான் ஓட வசதி. திரும்பி வந்து அதே மூலையில தகரம் அடிச்சுக்கொண்டு இருக்கினம். இப்ப மிச்சம் ஒரு தாயும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும். அந்தத் தாயின்ர பேரை எழுத விருப்பமில்லை. வளவுக்காரி, காணிக்குச் சொந்தக்காரி, எண்டு சொல்லுறன். எங்கட ஊரில அந்தச் சொல்லை அவவுக்கு ஒருத்தரும் சொல்லமாட்டினம், அதாலதான் நான் சொல்லுறன்.

அரசாங்க வீட்டுத்திட்டத்தில கல்வீடு குடுக்கிறதுக்கு ஊர் அலுவல் பாக்கிற விதானையார் வந்து பாத்திருக்கிறார். எல்லாத் தகுதியும் இருக்காம். கடைசியா "காணி உறுதி?" எண்டு கேட்டாராம். உறுதி இல்லாட்டி வீடு இல்லை. இந்த முறை பேர் விடுபட்டால் அடுத்த முறை எப்ப எண்டு அவருக்கே தெரியாதாம். வளவுக்காரி ஆரிட்டையோ என்ர நம்பரை வாங்கிப் போன் எடுத்தவ. அழேல்லை, கெஞ்சேல்லை.

"அக்கா, நாங்கள் இருக்கிற மூலை ரெண்டு பரப்பு வரும். எழுதித் தருவியளோ மாட்டியளோ எண்டு ஒரு சொல்லில சொல்லிப்போடுங்கோ. மாட்டியளெண்டால் நான் வேற இடம் பாக்கவேணும்."

வேற இடம் எங்க இருக்கு அவவுக்கு? "தாறன்" எண்டு அந்த இடத்திலயே சொன்னன். சொல்லேக்க என்ர காணிக்கு நான்தான் ராணி எண்ட நினைப்பு.

என்ர மனுசனை ஒரு கெட்ட ஆள் எண்டு ஒருத்தரும் நினைச்சுப்போடக் கூடாது. குடி இல்லை. கை நீட்டினதில்லை. பிள்ளையள் சின்னனா இருக்கேக்க நான் பின்னேரத்தில பிரெஞ்சு படிக்கப் போனால் அவர்தான் சோறு தீத்தினவர். படிக்கிற காலத்தில இருந்து சமத்துவம் கதைச்ச ஆள். இஞ்ச எங்கட சங்கத்தில உபதலைவர், பேச்செண்டால் அவர்தான். இந்த ஊரில எந்த விழா எண்டாலும் முதல் ஒரு அறிக்கை வாசிக்கிற பழக்கம் இருக்கு, நாங்கள் நிக்கிற இந்த நிலம் பூர்வகுடி மோஹாக் மக்களின்ர, அவை ஒரு காலமும் விட்டுக்குடுக்காத நிலம் எண்டு. எங்கட சங்கத்துக்கு அதைத் தமிழில எழுதினது இவர். வாசிக்கிறதும் இவர். உருகி உருகி வாசிப்பார். போன பொங்கல் விழாவில முன்வரிசையில இருந்த சனம் கண்ணைத் துடைச்சது.

"இஞ்சேருங்கோ, எனக்கு ஒரு கையெழுத்து வேணும்" எண்டு விசயத்தைச் சொன்னன். தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு முழுக்கக் கேட்டார். கேட்டு முடிச்சு, "பேந்து பாப்பம்" எண்டார்.

அவரோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்தின எனக்கு அந்தப் பேந்து என்னவெண்டு தெரியாதே! குளியலறைக் குழாய் திருத்திறது பேந்து. டொக்டரிட்டப் போறது பேந்து. இல்லை எண்டு சொல்ல வாய் வராத இடத்தில எல்லாம் அவருக்குப் பேந்து. ஒரு கிழமை பொறுத்தன். ரெண்டாம் கிழமை பொறுமை போச்சு.

"மைக்குக்கு முன்னால நாங்கள் குடியிருக்கிற இந்தத் தீவு முழுக்கத் திருப்பிக் குடுக்கிறியள், எங்கட ரெண்டு பரப்பெண்டால் மட்டும் கை நடுங்குதோ?" எண்டு கேட்டுப்போட்டன்.

"அதுவும் இதுவும் ஒண்டோ?"

"வித்தியாசத்தைச் சொல்லுங்கோவன், கேப்பம்."

ரிவியின்ர சத்தத்தைக் கூட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்டில அண்ணை வீட்டில சாப்பாடு. அண்ணையின்ர காணி ஊரில என்ர காணிக்குப் பின்னால, ஒரே வளவாய் இருந்ததை அப்பா ரெண்டாப் பிரிச்சவர். கர்க்லாண்டிலயும் அவருக்குக் காணிப் பிரச்சினைதான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் நட்ட சீடர் வேலி அரை முழம் தன்ர பக்கம் வந்திட்டுதாம், போன கோடை முழுக்க அளவு நாடாவோட நிண்டவர். வேலிக் கதியாலைத் தள்ளித் தள்ளி நட்ட பரம்பரையல்லோ, அடுத்தவன் தள்ளினால் எங்கட ஆக்களுக்குத் தூரத்திலயே தெரிஞ்சுபோகும்.

அண்ணை கோழிக்காலைக் கடிச்சுக்கொண்டே தொடங்கினார். இவர் முன்கூட்டியே போனில சொல்லிப்போட்டார் எண்டு எனக்கு அப்பவே விளங்கிப் போச்சு.

"என்ன பிள்ளை, காணியைத் தானம் பண்ணப் போறியாம்?"

"மூலை ரெண்டு பரப்பு அண்ணை. அவையள் இருக்கிற இடம்."

"அது றோட்டுக் கரை. நாளைக்கு அதுகள் அதில மாடி வீடு கட்டினால்?"

"கட்டட்டும். நல்லாக் கட்டட்டும்."

"உனக்கென்ன விசரோ? நாங்கள் இருக்க விட்டதால இருந்ததுகள். இருக்க விட்டால் அது உரிமையாகுமோ? எந்த லோயரிட்ட வேணுமெண்டாலும் கேள். அது எங்கட பரம்பரைச் சொத்து."

அங்கதான் எனக்கு ஏறினது. "எந்தப் பரம்பரை அண்ணை? நாங்கள் அவையளை இருக்க விட்டம், சரி. எங்களை இருக்க விட்டது ஆர்? அரசன் குடுத்ததோ? பறங்கி குடுத்ததோ? ஒல்லாந்தன் வந்து தோம்பு எண்டு ஒரு புத்தகத்தில காணிக்காரற்ற பேரெல்லாம் பதிஞ்சவன். பதியேக்க நிலத்தைக் கொத்தினவன்ர பேரை விட்டுப்போட்டு, பக்கத்தில குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவன்ர பேரை எழுதினான். அவ்வளவுதான் எங்கட பரம்பரை."

"ஆறுது, சாப்பிடுங்கோவன்" எண்டு அண்ணி சொதியை என்ர பக்கம் தள்ளினா. இவர் தலை நிமிரேல்லை. சாப்பாட்டுக் கோப்பையில சோத்தைக் குழைச்சுக் குழைச்சு, அது கஞ்சியாய்ப் போச்சு.

திரும்பி வரேக்க நான்தான் கார் ஓடினன். நெடுஞ்சாலைக்கு ஏறின உடன இவர் வாய் திறந்தார். "இஞ்ச பாருமப்பா, கொண்ணையைப் பகைச்சுக்கொண்டு என்னால ஏலாது. நான் கையெழுத்து வைக்க மாட்டன்." பேந்து போய் மாட்டன் வந்திட்டுது. ஒரு விதத்தில எனக்கு நிம்மதி, இனி ஆரோட சண்டை எண்டு தெரியும்.

திங்கக்கிழமை மஞ்சள் லைன் மெற்றோ ரயிலில ஆத்துக்குக் கீழால லொங்குய்ய் போனன். அங்க ஒரு நொத்தேரின்ர கந்தோரில எனக்கு வேலை. ஊரில நொத்தாரிசு, இஞ்ச நொத்தேர். கியூபெக்கில வீடு வாசல் வாங்க விக்க நொத்தேரிட்டத்தான் வரவேணும். பழைய உறுதியளைத் தேடி எடுக்கிறதும் ரைப் அடிக்கிறதும் நான். அந்தப் பக்கத்துப் பழைய காணியளைப் படத்தில பாத்தால் ஆத்தங்கரையில இருந்து உள்ளுக்கு ஒடுக்கமாய் நீளமாய்ப் போகும், முருங்கைக்காயை அடுக்கி வைச்ச மாதிரி. பிரான்ஸ் ராசா பிரபுக்களுக்கு எழுதிக் குடுக்க, பிரபுக்கள் கமக்காரருக்குத் துண்டு துண்டாய் விட்ட காணியள். வருசா வருசம் பிரபுவுக்கு வாடகை. மா அரைக்கிறதெண்டாலும் பிரபுவின்ர ஆலையில. பேந்து இங்கிலிசுக்காரன் பிடிச்சான், அவனும் பிரபுவில கை வைக்கேல்லை. பிரபுத்தனம் முடிஞ்சுது எண்டு சட்டம் போட்ட பிறகும் கன தலைமுறை அந்த வாடகையைக் கட்டினதாம். எங்கட நொத்தேர் அம்மாவின்ர அப்பப்பாவும் கட்டினவராம். அதைச் சொல்லேக்க அந்த மனுசிக்கு இப்பவும் முகம் சிவக்கும். அந்தப் பிரபுவுக்கு முதல் அந்த ஆத்தங்கரை ஆருக்குச் சொந்தம் எண்டு கேட்டால் மட்டும் கதையை மாத்திப்போடுவா. எல்லா ஊரிலயும் கோவம் தன்ர வீட்டுப் படலையோட நிண்டுபோகுது.

என்ர முகத்தைப் பாத்திட்டு என்ன எண்டு கேட்டா. சொன்னன். சிரிப்பா எண்டு நினைச்சன், சிரிக்கேல்லை. தன்ர தாய், அவவின்ர தகப்பன் விட்டுட்டுப் போன வீட்டை விக்கிறதுக்குப் புருசன்ர கையெழுத்துக்காக நிண்டவவாம். தான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கதான் இஞ்ச சட்டத்தை மாத்தினவையாம். "உங்கட ஊரில ஏன் இன்னும் மாத்தேல்லை?" எண்டு கேட்டா.

நான் என்னத்தைச் சொல்ல? ஒல்லாந்தன் எங்கட வழக்கத்தை எழுதி எடுத்து, பன்னிரண்டு முதலிமாரைக் கூப்பிட்டு இது சரியோ எண்டு கேட்டவன். பன்னிரண்டு பேரும் ஆம்பிளையள், பன்னிரண்டு பேரும் காணிக்காரர். சரி எண்டு தலையாட்டிப்போட்டினம். பேந்து வெள்ளைக்காரன் வந்து அதுக்கு மேல தன்ர சட்டத்தையும் ஒட்டினான். என்ர பூட்டியிட்டயும் கேக்கேல்லை, வளவுக்காரியின்ர பூட்டியிட்டயும் கேக்கேல்லை. இதையெல்லாம் என்ர பிரெஞ்சில சொல்லி முடிக்க அவ கோப்பியை வைச்சிட்டு, "அந்தச் சட்டத்தை முழுக்க வாசி, எங்கயாவது ஒரு கதவு வைச்சிருப்பாங்கள்" எண்டா.

மத்தியானம் யாழ்ப்பாணத்து நொத்தாரிசுக்கு எடுத்தன். கதவு ரெண்டு இருந்தது.

"மரணசாசனம் எழுதுங்கோ அம்மா. செத்த பிறகு சேரவேணும் எண்டு எழுதிறதுக்குக் கணவற்ற சம்மதம் தேவையில்லை."

"அப்ப நான் செத்தால் முழுச் சொந்தக்காரி, உசிரோட இருக்கேக்க அரைவாசி. அப்பிடியோ?"

"சட்டம் அப்பிடித்தான் சொல்லுது அம்மா."

"செத்த பிறகு வாற உரிமையை என்ர சாம்பலுக்குக் குடுங்கோ. மற்றக் கதவைச் சொல்லுங்கோ."

மற்றது கோர்ட். கணவர் நியாயமில்லாமல் சம்மதத்தைத் தராமல் வைச்சிருந்தால், அவற்ற சம்மதத்துக்குப் பதிலாக் கோர்ட் அனுமதி குடுக்கலாமாம். "ஆனால் அம்மா, வீட்டுக்குள்ள கரைச்சல் வரும்" எண்டு இழுத்தார். கரைச்சல் ஏற்கெனவே சோபாவில இருந்து ரிவி பாத்துக்கொண்டிருக்கு ஐயா எண்டன்.

முடிவெடுக்க முதல் வளவுக்காரியோட கதைக்கவேணும், காத்திருக்கிறது அவ. மரணசாசனக் கதையையும் ஒளிக்காமல் சொன்னன்.

"அதுக்கு நான் நீங்கள் எப்ப சாவியள் எண்டு பாத்துக்கொண்டெல்லோ இருக்கவேணும் அக்கா. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

"சரி, அப்ப கோர்ட்."

"இன்னொண்டு. நொத்தாரிசு ஐயா உறுதி எழுதி வைச்சிருக்கிறார், மகள் வாசிச்சுக் காட்டினவள். எங்கட குடும்பத்தில நீங்கள் வைச்ச அன்பாலயும் பாசத்தாலயும் தாறியள் எண்டு போட்டிருக்கு." நன்கொடை உறுதி எண்டால் வழக்கமா எழுதிற வசனம்தான் அது. "அதை எடுக்கச் சொல்லுங்கோ அக்கா. என்ன அன்பு? என்ன பாசம்? கொத்தினதுக்கும் இறைச்சதுக்கும் கூலி தராமல் விட்டது. அதுக்குத்தான் தாறியள். அப்பிடி எழுதினால் வாங்கிறன்."

எனக்குச் சுள்ளெண்டு போச்சு. அவவுக்காக மனுசனோட சண்டை, அண்ணையோட சண்டை, இவ வசனத்தில பிழை பிடிக்கிறா எண்டு ஒரு நிமிசம் மனம் குமுறினது உண்மை. நன்றி எண்டு ஒரு சொல்லை நான் எதிர்பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன். பேந்து நினைச்சன், நான் கோர்ட்டுக்குப் போறது என்ர காணி என்ர எண்டு எழுத்தில சொல்லுவிக்க. அவ மட்டும் தன்ரயைத் தன்ர எண்டு சொல்லுவிக்கக் கூடாதோ? பொல்லாத மனுசி. எனக்கு அவவைப் பிடிச்சுப்போச்சு. நொத்தாரிசு "இப்பிடி ஒருத்தரும் எழுதிறேல்லை அம்மா" எண்டார். எழுதுங்கோ எண்டன்.

வழக்குப் போட்டாச்சு. அழைப்பாணை பதிவுத் தபாலில எங்கட வீட்டுக்கே வந்தது. கதவைத் திறந்து கையெழுத்து வைச்சு வாங்கினது இவர்தான். அந்தக் கையெழுத்தை மட்டும் உடன வைச்சிருக்கிறார்! நான் வேலையால வரேக்க சாப்பாட்டு மேசையில அதை விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தார்.

"நீர் என்னில வழக்குப் போட்டிருக்கிறீரோ?"

"ஓம்."

"ஒரே வீட்டுக்குள்ள இருந்துகொண்டு?"

"நான் எங்க போறது? வாடகை என்ர பேரில."

சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு உலையை வைச்சன். நான் மனுதாரர், அவர் எதிர்மனுதாரர். மனுதாரர்தான் சமைக்கவேண்டிக் கிடந்தது. சோத்தைப் போட்டுட்டு "எதிர்மனுதாரர், சாப்பிட வாங்கோ" எண்டு கூப்பிடுவன். முகத்தை நீட்டிக்கொண்டு வந்து இருப்பார். மீன்குழம்பெண்டால் ரெண்டாம் தரமும் கேப்பார், ஆனால் என்னட்டக் கேக்கமாட்டார், சட்டியைப் பாப்பார். ஊருக்குத் தெரியவந்து, கோயிலில ஒரு மனுசி என்ர கையைப் பிடிச்சு, "வீட்டுக் கதையைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறதே பிள்ளை?" எண்டு அழாக்குறை. "வீட்டுக் கதை இல்லை அக்கா, காணிக் கதை" எண்டுபோட்டுத் தேர் பாக்கப் போனன். பிள்ளையள் ரெண்டும் தங்களுக்குப் பூரண சம்மதம் எண்டு எழுதியே அனுப்பிப்போட்டுதுகள். ரொறொன்ரோவில இருக்கிற மகள், "அந்தக் காணி எங்க இருக்கெண்டே எனக்குத் தெரியாது, குடுங்கோ அம்மா" எண்டாள்.

அழைப்பாணைக்கு இவர் பதில் சத்தியக்கடதாசி அனுப்பவேணும். தான் ஏன் சம்மதிக்கேல்லை எண்டு காரணத்தை எழுதவேணும். மேடைப் பேச்சு எவ்வளவும் வரும், ரைப் அடிக்கத் தெரியாது. அடிச்சுக் குடுக்கிறது எப்பவும் நான்தான். யூலை முதலாம் திகதி, வாடகை ஒப்பந்தமெல்லாம் முடிஞ்சு ஊர் முழுக்க வீடு மாறுற நாள், எனக்கும் லீவு. மத்தியானம் சாப்பிட்ட பிறகு வந்து நிண்டார்.

"அந்தப் பதிலை ஒருக்கா அடிச்சுத் தாறீரோ?"

"எனக்கெதிரான பதிலையோ?"

"வேற ஆர் எனக்கு அடிச்சுத் தரப்போயினம்?"

அதுவும் நியாயம்தான். லப்டொப்பைத் திறந்தன். "சொல்லுங்கோ."

"முதலாவது, பிள்ளையளின்ர எதிர்காலம்."

அடிச்சன். "பிள்ளையளின்ர சம்மதக் கடிதம் என்ர மனுவில இணைச்சிருக்கு. அதைப் பற்றியும் ஒரு வரி போடட்டோ?"

"அதை வெட்டும். ரெண்டாவது, மிச்சக் காணியின்ர விலை விழும்."

"ஏன் விழும்?"

"றோட்டுக்கரை போகுதல்லோ."

"மேற்கால இப்ப பெரிய ஒழுங்கை போட்டிருக்கு. லொறியே போகுதாம். ஏன் விழும்?"

"பக்கத்தில... ஆக்கள் இருக்கினம் எல்லோ."

"என்ன ஆக்கள்?"

"உமக்குத் தெரியாதே?"

"எனக்குத் தெரியும். நீதிபதிக்குத் தெரியாதே. நீங்கள் சொல்லுங்கோ, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடிக்கிறன். அவையள் இன்ன சாதி, அவையள் சொந்தக்காரராய் இருந்தால் பக்கத்தில எங்கட ஆக்கள் காணி வாங்கமாட்டினம், அதால நான் சம்மதிக்கேல்லை. கீழ உங்கட பேர். சங்கத்து உபதலைவர் எண்டும் போடட்டோ?"

"கத்தாதையும்."

"நான் கத்தேல்லை."

உண்மையா நான் கத்தேல்லை. விரலைக் கீபோட்டில வைச்சுக்கொண்டு இருந்தன். அவர் ஜன்னலடியில போய் நிண்டார். எதிர் வீட்டு வளைஞ்ச இரும்புப் படியால ரெண்டு பொடியள் ஒரு குளிர்சாதனப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாங்கள், அது நடுப்படியில இறுகிப்போய் மேலயும் போகாமல் கீழயும் வராமல் நிண்டது. அதையே பாத்துக்கொண்டு நிண்டார். அவற்ற வாழ்க்கையில அவர் பேசாத விசயமில்லை. இந்த ஒரு வசனத்தை, அதுவும் நம்பிக்கொண்டு இருக்கிற வசனத்தை, சொல்ல வாய் வரேல்லை. எனக்குப் பாவமாயும் இருந்தது. ஆனால் நான் உதவி செய்யேல்லை. இவ்வளவு காலமும் அந்த வசனத்தை ஒருத்தரும் சொல்லாமல் வைச்சுக் காப்பாத்தினதாலதானே அது இன்னும் உசிரோட இருக்கு.

"அதை அழியும்" எண்டார்.

"எதை?"

"எல்லாத்தையும்." ஜன்னலை விட்டு வந்து, "கையெழுத்து எதில வைக்கவேணும்?"

உறுதியை எடுத்துக் குடுத்தன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியா வாசிச்சார். கூலி குடுக்காமல் தலைமுறையா வேலை வாங்கின குடும்பத்துக்கு, அந்த உழைப்புக்கு ஈடாக எண்ட இடத்தில நிண்டார். "இதை மாத்தேலாதோ?"

"ஏலாது. அது நான் சொன்னதில்லை, அவ சொன்னது."

அடுத்த நாள் என்னோட லொங்குய்ய்க்கு வந்து, நொத்தேர் அம்மாவுக்கு முன்னால சம்மதக் கடதாசியில கையெழுத்து வைச்சார். வெளியில வந்து மெற்றோப் படியடியில என்ர முகத்தைப் பாத்தார். நன்றி சொல்லுவன் எண்டு பாத்தவர். நான் சொல்லேல்லை. என்ர காணியை நான் குடுக்கிறதுக்கு ஆருக்கு நன்றி? அடுத்த விழாவுக்கு அந்த நில அறிக்கையை இவர் வேற ஆரையேன் வாசிக்கச் சொல்லிப்போட்டாராம் எண்டு சங்கச் செயலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை.

உறுதி பதிஞ்சு, வழக்கை வாபஸ் வாங்கி, வளவுக்காரியின்ர பேர் பட்டியலில சேந்தது. மாரிக்கு முதல் அத்திவாரம் போட்டு, அடுத்த கோடைக்குக் கூரை ஏறிச்சுது. அண்ணை அவ்வளவு காலமும் என்னோட கதைக்கேல்லை. தங்கட பிள்ளையின்ர கலியாணப் பேச்சுக்கும் அண்ணிதான் போன் எடுத்தவ. பேந்து அவர் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனார். ஒரு நாள் விடியக் காலமை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கேக்க, யாழ்ப்பாணத்தில இருந்து அவற்ற போன். சத்தம் ஏறி இருந்தது.

"என்ர காணியைப் பாக்கப் போனனான் பிள்ளை. பழையபடி றோட்டுக்கரையால உள்ளுக்குப் போவம் எண்டால், அவள் கேற்றுப் போட்டுப் பூட்டி வைச்சிருக்கிறாள். வெய்யிலுக்குள்ள நிண்டு கூப்பிட்டன். வந்து என்னை ஆரெண்டு கேக்கிறாள். என்னை!"

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"சொன்னன், இன்னாற்ற மகன் எண்டு."

"பேந்து?"

"பேந்தென்ன, திறந்து விட்டாள். உள்ளுக்கு வந்து இருங்கோ எண்டு கதிரை போட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சாள்."

எங்கட வீட்டு ஆக்கள் ஒருத்தரும், அப்பாவோ, அப்பாவின்ர அப்பாவோ, அந்தக் குடும்பத்தின்ர கையால ஒரு மிடறு பச்சைத் தண்ணி வாங்கிக் குடிச்சதில்லை. தண்ணிக்குத் தவிச்சாலும் வீடு மட்டும் நடந்து வருவினம்.

"குடிச்சனியளோ அண்ணை?"

அந்தப் பக்கம் அண்ணை செருமினார்.

"சீனி கூடிப்போச்சு" எண்டார்.

"அது அவவின்ர வீடு அண்ணை" எண்டன். "அடுத்த முறை போகேக்க சீனி குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ."